பூண்டில் மருந்து எச்சம்: கையடக்கக் கருவியை வாங்கும் முன்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து விவசாயிகளும் அவர்களிடம் சரக்கெடுக்கும் வியாபாரிகளும் கேட்பது இது: "பயிருக்கு அடிச்ச மருந்தோட எச்சம் இருக்கான்னு இங்கேயே பார்த்துச் சொல்ற கருவி வந்திருக்காமே, வாங்கலாமா?" வாங்கலாம். ஆனால் விற்பவர் சுத்தத் தண்ணீரில் செய்து காட்டுவதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எச்சப் பரிசோதனையே என் வேலை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இவற்றில் பல, 1928-ல் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலை வைத்து இயங்குகின்றன. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு துளி நிறம் மாறும். அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு. ஆனால் அது மிக மங்கல். சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய பிரிடின் என்ற வேதிப்பொருள் வலுவான நிறமாலை (சிதறிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) தருவதை 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பார்த்தார்கள். பெருக்கம் லட்சக்கணக்கான மடங்கு என்பது 1977-ல் தெளிவானது. இன்று வெள்ளி, தங்க நானோ துகள்களுக்கு நடுவே சில நானோமீட்டர் இடுக்குகளை உருவாக்கி அந்தப் பெருக்கத்தைப் பெறுகிறோம்.

நுட்பமாகக் காண்பதில் பெரிய குறை இல்லை. கலவைக்குள் தேடுவதை மட்டும் பிரித்துக் காண்பதுதான் கடினம். பூஞ்சைக்கு அடிக்கும் திரம் மருந்தில் கந்தகம் உண்டு. வெள்ளியில் இறுக ஒட்டும், அதனால் துளியளவும் தெரியும். பூண்டிலும் கந்தகச் சேர்மங்கள்தானே! நசுக்கிய சாற்றை விட்டால் அவை பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல வெள்ளிப் பரப்பை முதலில் பிடித்துவிடும். திரம் இருந்தும் கருவி 'இல்லை' என்று காட்டலாம். எனக்குப் பயம் தருவது அந்த 'இல்லை'தான்.

பூண்டின் முக்கியக் கந்தகச் சேர்மமான அல்லிசின், பல் நசுங்கினால்தான் உருவாகும். ஆகவே நசுக்காமல் மேல்தோலை மட்டும் துடைத்தெடுப்பது நல்லது. உள்ளே ஊடுருவும் மருந்துகள் இதில் சிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். துகள்கள்மேல் தேடும் மூலக்கூறின் வடிவத்துக்கே குழி பதித்த பாலிமர் பூசுவது இன்னொரு வழி. கேரட்டில் தொல்லை வேறு: பச்சை லேசரில் கரோட்டின் மற்றதையெல்லாம் மறைத்துவிடும். 785 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரில் அந்தத் தொல்லை குறையும்.

மாதிரியை வைத்துப் பார்க்கும் வெள்ளித் தகடு காற்றுப்பட்டுக் கறுக்கும், ஈரத்தில் சீக்கிரமாகவே. மலை மூட்டத்தில் உறை பிரித்து வைத்த தகடு வேண்டாம்.

விற்பவரிடம் மருந்தடிக்காத உங்கள் பூண்டையே கொடுங்கள். அளந்த மருந்தை அதில் கலந்து, கண்டுபிடித்துக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகமான சரக்கு எதுவானாலும், கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் நிறப்பிரிகையும், மூலக்கூறை அதன் நிறையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியும் உள்ள ஆய்வகத்தில் உறுதி செய்த பிறகே முடிவெடுங்கள்.