ராகு காலத்தை யாரிடம் கேட்பது?

அங் மோ கியோ வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “திங்கட்கிழமை ராகு காலம் எப்போது என்று என் மாமியார் வீட்டிலுள்ள பேசும் கருவியிடம் கேட்டார். காலை 7.30 முதல் 9 வரை என்றது. அது ஊர்க் காலண்டரில் இருக்கிற நேரமாயிற்றே! நாங்கள் சிங்கப்பூரில் இருப்பது அதற்குத் தெரியாதா?”

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. அதன் கணக்கு மட்டும் பிடிக்கும். உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரித்தால் திங்களன்று இரண்டாவது பங்கு. ஊர்க் காலண்டர் உதயத்தை 6 மணி என்று வைத்துக்கொள்கிறது. இங்கே சூரியன் எழவே ஏறத்தாழ 7 மணி ஆகிவிடுகிறது. பயப்படுவது என்று முடிவுசெய்துவிட்டால் 8.30 முதல் 10 வரை பயப்படுவதுதான் முறை.

ராகு காலம் போன்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் கருவி தானாகப் பதில் சொல்வதில்லை. வேறு யாரோ உருவாக்கிய சேவையிடம் கேட்டுச் சொல்கிறது. பேச்சு சர்வரில் எழுத்தாக மாறுகிறது. அதிலிருந்து கேட்பவரின் நோக்கமும் கிழமை, ஊர் போன்ற விவரங்களும் பிரித்தெடுக்கப்படுகின்றன. சிக்கல் அதற்கு அப்புறம்தான்: எந்தச் சேவையிடம் கேட்பது? அமேசானின் பேசும் உதவியாளரான அலெக்ஸாவில் 2019-இலேயே ஒரு லட்சம் சேவைகள் இருந்தன. அத்தனையையும் ஆராய்ந்துவிட்டுப் பதில் சொல்வதற்குள் மாமியார் எழுந்து போயிருப்பார். எனவே அமேசான் ஆய்வாளர்கள் 2018-இல் விவரித்த முறையில் தேர்வு இரண்டு சுற்றாக நடக்கிறது. முதல் சுற்றில் அதிகக் கணக்கு தேவைப்படாத நரம்பு வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் நிரல்) ஒன்று சில சேவைகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. அடுத்த சுற்று அந்தச் சிலவற்றைத் துருவி ஆராய்ந்து வரிசைப்படுத்துகிறது.

என்னை மயக்கியது அதே ஆண்டு அமெரிக்காவில் அமேசான் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடு. அதன்படி அலெக்ஸா, பதில் சொல்லக்கூடிய சேவைகளிடமே “உன்னால் முடியுமா?” என்று கேட்டுப் பார்க்கும். முடியும், முடியாது, முடியலாம் என்று சேவை பதில் தரவேண்டும். அதோடு விடுவதில்லை. ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனியாக இரண்டு கேள்விகள்: இது உனக்குப் புரிகிறதா? இதை வைத்து உன்னால் வேலையை முடிக்க முடியுமா? ‘சிங்கப்பூர்’ ஓர் ஊர் என்று புரிந்தும், அந்த ஊருக்குக் கணக்கிடத் தெரியாத பஞ்சாங்கச் சேவை இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று ஒப்புக்கொள்ளலாம். இந்த நுணுக்கத்தைச் சிந்தித்தவரைச் சந்தித்தால் ஒரு தே தாரிக் வாங்கித் தருவேன்.

இதில் கண்டிப்பான விதி ஒன்றும் உண்டு: கேட்கும்போது எதையும் செய்துவிடக் கூடாது. ஐந்நூறு பேருக்குப் பிரியாணி போட முடியுமா என்று விசாரித்ததுமே சமையல்காரர் அடுப்பைப் பற்றவைத்தால் என்ன ஆகும்? டாக்சிச் சேவையும் ‘முடியும்’ என்று சொல்லலாமே தவிர, அப்போதே வண்டியை அனுப்பிவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் ‘முடியும்’ என்று சொல்கிற சேவையை என்ன செய்வது? அதன் வாக்குமூலம் மட்டுமே போதாது என்பதால், பயனர்களின் நடத்தையையும் இத்தகைய அமைப்புகள் கவனிக்கின்றன. பாதியில் ‘நிறுத்து’ என்றீர்களா, அதே கேள்வியை வேறுவிதமாகத் திரும்பக் கேட்டீர்களா என்பதெல்லாம் கணக்கில் சேரும். ஆனால் 7.30 என்ற பதிலைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தால், தவறான சேவைக்கும் நல்ல பெயர்தான் கிடைக்கும். பலரும் நம்புகிற தவறை இந்த முறையால் கண்டுபிடிக்க முடியாது.

சிங்கப்பூரில் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் உள்ளூர் ஆங்கிலப் பேச்சைத் தேசியத் தொகுப்பாகவே திரட்டியிருக்கிறது. ஆங்கிலத்தோடு தமிழ் கலந்த உரையாடல்களும் அதில் உண்டு. நல்ல முதலீடு. அடுத்த மானியம், கேள்வியைச் சரியாகக் கேட்டபின் அதைச் சரியான இடத்துக்கு அனுப்பும் ஆராய்ச்சிக்கும் போகவேண்டும் என்பது என் கட்சி. அதுவரை மாமியார் கேள்வியோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். கருவியில் எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்பதை மருமகள் ஒருமுறை பார்த்துவிடட்டும்.