அப்பாவா, அம்மாவா? கைக்குத் தெரியும்

கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்றால் அந்தக் குழந்தைக்குப் பேச்சு எந்த வழியாகத்தான் போய்ச் சேரும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1887-இல் ஆசிரியை ஆனி சல்லிவன், கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லரின் உள்ளங்கையில் விரலால் எழுத்துக் காட்டியது பலருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு வழி உண்டு: பேசுபவரின் முகத்தில் கை வைத்தே பேச்சைப் பிடிப்பது. அதற்கு டடோமா என்று பெயர். சோஃபியா ஆல்கார்ன் என்ற அமெரிக்க ஆசிரியை வகுத்த முறை இது. அவரிடம் பயின்ற டாட், ஓமா என்ற இரு பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்தே இப்படி அழைத்தார்கள்.

கட்டைவிரல் உதட்டின் மேல் செங்குத்தாக நிற்கும். நடு மூன்று விரல்கள் கன்னத்திலும் தாடையிலும் விரிந்திருக்கும். சுண்டுவிரல் தாடைக்குக் கீழே, தொண்டையில்.

இப்படிக் கை வைத்துக்கொண்டு "அப்பா" என்று சொல்லிப் பாருங்கள். உதடு மூடும்போது தொண்டை அதிர்வு ஒரு கணம் அறுந்துபோகும். திறக்கும்போது கட்டைவிரலில் காற்று மெல்ல மோதும். இப்போது "அம்மா". உதடு அதே மாதிரிதான் மூடுகிறது. ஆனால் தொண்டை அதிர்வு அறுவதில்லை, மூக்கோரத்தில் ரீங்காரம். மெல்லினத்துக்கு இடம் மூக்கு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது இதுதான்! உதட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கைக்கு அந்தக் குழப்பம் இல்லை.

தோல் 250 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 250 அதிர்வு) அருகில்தான் அதிர்வை மிக நுட்பமாக உணரும். 1000-ஐத் தாண்டினால் அநேகமாக மரத்துப்போகும். பெரியவர்கள் குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 முதல் 250 வரை என்பதால் கைக்குப் பிடிபடுகிறது. "ஸ்" ஒலியின் ஆற்றலோ பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதை அதிர்வாக உணரவே முடியாது. இடைவிடாத காற்றோட்டமாகக் கட்டைவிரல் கண்டுபிடிக்கிறது.

சிக்கல் வாய்க்குள்ளே நடப்பவற்றில். ல, ள, ழ மூன்றையும் பிரிப்பது நாக்கு; அங்கே கை எட்டாது. சொல் வரும் இடத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கையை அழுத்திப் பிடித்தால் உதட்டின் அசைவே தடைபடும். பேசுபவர் உதவுவதாக நினைத்து வாயை அகலத் திறந்து பேசினால் இயல்பான அசைவு கெடும். நிதானமாகப் பேசினால் போதும்.

குழந்தை பேசவும் இதே கைதான் உதவுகிறது. ஆசிரியர் முகத்தில் உணர்ந்ததைத் தன் முகத்தில் கை வைத்து ஒப்பிட்டு, அதே அதிர்வு வரும்வரை முயல வேண்டும். இது ஆண்டுக்கணக்கான வேலை.

ஒரு புலன் போனால் கடவுள் இன்னொன்றைக் கூட்டித் தருவார் என்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் பார்வையும் கேட்கும் திறனும் உள்ளவர்களின் கண்ணையும் காதையும் அடைத்துப் பழக்கியபோது, அவர்களும் ஒலிகளைக் கையால் பிரித்தறியக் கற்றார்கள். ஆக, வரமல்ல, பயிற்சி. அதே குழு காற்றும் தொண்டை அதிர்வும் தாடை அசைவும் கொண்ட செயற்கை முகம் ஒன்றையும் செய்தது. பயனாளர் எண்ணிக்கை சிறிது என்று இத்தகைய ஆய்வுக்குக் கைவிரிப்பது எனக்கு உடன்பாடில்லை.

இன்று டடோமா அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஒரு நேரத்தில் ஒருவர் பேச்சைத்தான் பிடிக்க முடியும். அந்த ஒருவரும் தன் முகத்தைத் தொடவிட வேண்டும்.