சாம்ப்ளிங்: ஒலிப்படியெடுத்தல்

பிரான்சின் கான் (Caen) நகரில், சேந்த் எத்தியென் தேவாலயத்தில் ஒரு பைப் ஆர்கன் இருக்கிறது. குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பும் கட்டைக் கருவி அது. 1885-ல் அரிஸ்தீத் காவாயே-கோல் கட்டியது. கைக்கு மூன்று கட்டை வரிசைகள், காலுக்கு ஒன்று, 50 ஸ்டாப்புகள். ஸ்டாப் என்றால் ஒரே குரலுக்கான குழல் தொகுதி. செக் நாட்டு நிறுவனமான சோனஸ் பாரடைசி இந்த ஆர்கனைக் கட்டை கட்டையாகப் பதிவுசெய்து, ஹாப்ட்வெர்க் மென்பொருளில் வாசிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும், அதோடு இணைத்து வாசிக்கும் மிடி கீபோர்டும் இருந்தால் போதும், கானின் குரல் கேட்கும். இந்த வேலைக்குத்தான் சாம்ப்ளிங் என்று பெயர்.

சாம்பிள் என்பதன் வேர் லத்தீனின் 'எக்ஸெம்ப்ளும்'. 'வெளியே எடு' என்ற வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 1979-ல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் ஃபேர்லைட் சி.எம்.ஐ. என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். நிஜ ஒலியைப் பதிந்து, அதையே கட்டைகளில் வாசிக்க வைத்த கருவி அது. இசையுலகில் இந்தச் சொல் பரவியது அதன் பிறகுதான்.

தமிழில் என்ன சொல்வது? 'மாதிரியெடுத்தல்' என்று பலர் எழுதுகிறார்கள். புள்ளியியலுக்கு அது சரி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அங்கே செல்லும். ஆர்கனில் செல்லாது. பக்கத்துக் கட்டையின் பதிவையே சுருதி மாற்றிப் போட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு குழலும் தனித்தனியாகக் குரல் திருத்தப்பட்டது. அதனால் எல்லா ஸ்டாப்பிலும் எல்லாக் கட்டையையும் அழுத்திப் பதிகிறார்கள். காற்று நுழையும்போது வரும் சின்னச் சீறல், நிலைத்து நிற்கும் நாதம், கட்டையை விட்டதும் கல்சுவர்களில் சுற்றி அடங்கும் முழக்கம், மூன்றுமே வேண்டும். சட்டென்று விட்டால் முழக்கம் ஒரு விதம், நீள அழுத்தி விட்டால் வேறு விதம். ஆகவே ஒரே கட்டையின் முடிவையே பல நீளங்களில் பதிவார்கள். வெப்பம் ஏறினால் சுருதியும் ஏறும். தெருவில் வண்டிச் சத்தம் இருக்கக் கூடாது. அதற்காக ராத்திரி வேலைதான் பெரும்பாலும்.

இதற்குப் பொருத்தமான சொல் நம் கல்வெட்டுத் துறையில் தயாராகவே இருக்கிறது: படியெடுத்தல். கல்லைத் துலக்கி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். நாலு எழுத்தை எடுத்துவிட்டு மீதியை ஊகிப்பதில்லை. கல்லின் விரிசலும் சேர்ந்தே தாளில் விழும். ஆர்கனிலும் கட்டையின் டக்கென்ற ஓசை, காற்றூதியின் இரைச்சல் எல்லாம் பதிவாகின்றன. இரைச்சலைக் குழலொலியிலிருந்து பிரித்துத் தனியாக வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆகவே சாம்ப்ளிங்குக்கு 'ஒலிப்படியெடுத்தல்', சாம்பிளுக்கு 'ஒலிப்படி', சாம்பிள் செட்டுக்கு 'ஒலிப்படித் தொகுப்பு' என்பேன். சாம்பிள் ரேட் மட்டும் வேறு சங்கதி. விநாடிக்கு இத்தனை முறை, உதாரணமாக 48,000 முறை, என்று ஒலியலையை அளந்து எடுக்கும் கணக்கு அது. அங்கே நடப்பது உண்மையிலேயே மாதிரி எடுப்பதுதான், 'மாதிரி வீதம்' என்றே இருக்கட்டும்.