பூட்டிய மேக்கில் ஆளைச் சேர்ப்பது ஏன் இவ்வளவு கடினம்?

ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அலுவலக சர்வரில் அவருடைய கணக்கை அன்றைக்கே முடக்கிவிடுகிறார்கள். ஆனால் அவர் கையில் உள்ள மேக் லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் ஃபைல்வால்ட் வசதியைப் போட்டிருந்தால், அது இன்டர்நெட் பக்கம் போகாதவரை அவருடைய பழைய பாஸ்வேர்டுக்கே டிஸ்க் திறக்கும். சர்வரில் நடந்தது டிஸ்க்குக்குத் தெரியாது. கணக்கை முடக்கியதும் வேலை முடிந்தது என்று ஐடி ஆட்கள் நினைத்துவிடுவது ஆபத்தானது.

டிஸ்க்கில் இருப்பதை மறையாக்கம் செய்வது (யாரும் படிக்க முடியாதபடி மாற்றுவது) நம் பாஸ்வேர்டு இல்லை. கணினி தானே உருவாக்கிக்கொண்ட 256 பிட் சாவி ஒன்றுதான் அதைச் செய்கிறது. பாஸ்வேர்டும், புதிய மேக்குகளில் சிப்புக்குள் பொறித்திருக்கும் ரகசிய எண்ணும் சேர்ந்து அந்தச் சாவியை மட்டும் பூட்டி வைக்கின்றன. ஐந்து பேர் பயன்படுத்தும் கணினி என்றால் அதே சாவிக்கு ஐந்து பூட்டிய பிரதிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டும் லக்ஸ் முறையும் இப்படித்தான். அதன் முதல் பதிப்பில் இதற்கென 8 இடங்கள், இரண்டாம் பதிப்பில் 32.

அதனால் ஒருவரை நீக்க டிஸ்க் முழுவதையும் மறுபடி மறையாக்கம் செய்ய வேண்டாம். அவருடைய பிரதியை அழித்தால் போதும். லேப்டாப் ஆன் ஆகி நெட்வொர்க்கில் இருந்தால், எங்கோ உட்கார்ந்தபடி டெர்மினலில் ஒரே வரிக் கட்டளையில் முடித்துவிடலாம். அப்புறம் ரீஸ்டார்ட் செய்ய வைக்க வேண்டும். ஏற்கெனவே திறந்து கிடக்கும் டிஸ்க் தானாக மூடிக்கொள்ளாது.

சேர்ப்பதுதான் சிக்கல். புதியவருக்குப் பிரதி எடுக்க அசல் சாவி வேண்டும். ஏற்கெனவே உரிமை உள்ள யாராவது பாஸ்வேர்டு தராமல் அது வெளியே வராது. நிர்வாகி என்ற அதிகாரம் மட்டும் இருந்தால் இங்கே போதாது. 2017-இல் மேக் இயங்குதளத்தின் ஹை சியரா பதிப்புடன் வந்த, டிஸ்க்கைத் திறக்கும் உரிமைக்கு அடையாளமான செக்யூர் டோக்கன் இந்த விதியைத்தான் நடைமுறைப்படுத்துகிறது: டோக்கன் வைத்திருப்பவர்தான் இன்னொருவருக்கு டோக்கன் தர முடியும். வெளியூரில் நூறு மேக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு இது பெரிய தலைவலி. 2019-இல் கேட்டலினா பதிப்பு இதற்கு பூட்ஸ்ட்ராப் டோக்கனைக் கொண்டுவந்தது. கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் எம்டிஎம் சர்வரில் அது பத்திரமாக இருக்கும். புதியவர் லாகின் செய்யும்போது மேக் அதைக் கேட்டு வாங்கி அவருக்கு உரிமை கொடுத்துவிடும். அடுத்த ஆண்டு பிக் சர் பதிப்பில், அந்தக் கணினியிலேயே உருவாக்கிய கணக்குகளுக்கும் இந்த வசதி வந்தது.

ரீஸ்டார்ட் ஆனபின் என்ன என்பது வேறு கதை. டிஸ்க் திறக்கும்வரை தொலைநிர்வாக மென்பொருள் எதுவும் ஓடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்த பலவற்றில் 48 இலக்க மீட்பு எண்ணை நேரில் போய்த் தட்ட வேண்டியிருந்தது.

ஆப்பிள் சிப் உள்ள மேக்குகளுக்கு 2025-இல் டஹோ பதிப்பு ஒரு வழி தந்தது. ரிமோட் லாகின் ஆன் செய்திருந்து நெட்வொர்க்கும் கிடைத்தால், டிஸ்க் பூட்டியிருக்கும்போதே, தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் எஸ்எஸ்எச் வழியாகத் திறக்கலாம். ஆனால் பாஸ்வேர்டால் மட்டுமே முடியும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளை ஏற்பதற்கான கோப்பு அந்தப் பூட்டிய டிஸ்க்குக்குள்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு சரி என்றால் இணைப்பு ஒருமுறை அறுந்துபோகும். டிஸ்க் திறந்து சேவைகள் கிளம்பியதும் மறுபடி இணைந்துகொள்ளலாம்.