சட்டையை விட்டுச் செட்டையைப் பாருங்கள்

இன்னொரு அறிக்கை வந்து சேர்ந்திருக்கிறது. கொழும்புப் புறநகரில் ஒரு வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்களாம். அதற்கான சுற்றாடல் அறிக்கையில் தும்பிகள் பகுதியை மட்டும் சரிபார்த்துத் தரும்படி கேட்டு அனுப்பியிருந்தார்கள். அட்டவணையைத் திறந்தேன். முதல் வரி "சிவப்புத் தும்பி". இரண்டாவது "மஞ்சள் தும்பி". மூன்றாவது "நீலத் தும்பி". ஒவ்வொன்றுக்கும் எதிரே "1 இனம்" என்று அச்சடித்திருந்தது. நான்காவது வரியில் சிலோனோஸ்டிக்டா சாதியைச் சேர்ந்த ஓர் ஊசித்தும்பி!

சிலோனோஸ்டிக்டா இலங்கைக்கே உரிய சாதி (நெருங்கிய இனங்களின் தொகுதியைச் சாதி என்கிறோம்). ஈரவலயக் காடுகளின் இருட்டில், கல்லிடுக்கில் கசியும் ஓடைகளின் ஓரத்தில் வாழ்வது. அதைத் தேடிச் சிங்கராஜாவுக்குப் போகிறவர்களே பலமுறை வெறுங்கையுடன் திரும்புகிறார்கள். சவர்க்கார நுரை மிதக்கும் வாய்க்காலில் அது எப்படி வந்தது? இணைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. அது இஸ்க்னூரா செனெகலென்சிஸ். கொழும்பில் புல்லும் தேங்கிய நீரும் உள்ள இடமெல்லாம் கிடைக்கிற சாதாரண ஊசித்தும்பி. கறுத்த மெல்லிய உடல், வால்நுனியில் ஒரு நீலப் பட்டை. கைத்தொலைபேசிச் செயலி அந்த நீலத்தைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறது, இவர்கள் அதை அப்படியே எடுத்து எழுதிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். பிளாட்டிஸ்டிக்டிடே குடும்பத்துக்குச் செட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு மேலதிகக் குறுக்கு நரம்பு உண்டு. இஸ்க்னூரா அடங்கும் சீனாக்ரியோனிடே குடும்பத்துக்கு அது இல்லை. அந்தப் படத்தில் செட்டை தெளிவாகவே விழுந்திருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படியான அறிக்கைகள் அடிக்கடி வருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாடசாலையில் மனப்பாடம் செய்த வரிசை நினைவிருக்கும்: வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். தும்பிகளின் வருணம் ஒடொனேட்டா. 1758 இல் லின்னேயஸ் உலகத்துத் தும்பிகள் அத்தனையையும் லிபெலுலா என்ற ஒரே சாதிக்குள் போட்டார். 1793 இல் ஃபெப்ரீசியஸ் தனி வருணமாக்கினார். இன்று விவரிக்கப்பட்ட இனங்கள் 6,000 ஐத் தாண்டிவிட்டன. இலங்கையில் மட்டும் சுமார் 130 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதி இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லை.

தும்பிக்கும் ஊசித்தும்பிக்கும் உள்ள வேறுபாட்டை நீட்டி விளக்கப் போவதில்லை. முன்செட்டையும் பின்செட்டையும் ஒரே வடிவமாகவும் இரு கண்களும் தலையின் இரு கோடியிலும் இருந்தால் ஊசித்தும்பி. பின்செட்டை அடியில் அகன்றிருந்தால் தும்பி. "உட்காரும்போது செட்டையை விரித்தால் தும்பி, மடித்தால் ஊசித்தும்பி" என்ற பாடத்தை மட்டும் முழுவதாக நம்பாதீர்கள். லெஸ்டிடே குடும்பத்து ஊசித்தும்பிகள் செட்டையைப் பாதி விரித்தபடியேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

குடும்பத்துக்கு வருவோம். தலங்கம குளக்கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த குச்சியின் நுனியில், மஞ்சளும் கறுப்புமாக, வால்நுனிக்கு அருகே இருபுறமும் இலைபோல விரிந்த மடலுடன் ஒரு பெரிய தும்பி உட்கார்ந்திருக்கும். அது இக்டினோகோம்ஃபஸ் ராபக்ஸ். அதன் முகத்தை நேராகப் பாருங்கள். இரு கண்களுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். கோம்ஃபிடே குடும்பம் என்று அங்கேயே எழுதிவிடலாம். மாலை மங்கும் நேரத்தில் மின்விளக்கைத் தேடி வீட்டுக்குள் புகுந்து, சுவரில் முட்டி, பிள்ளைகளை அலறவைக்கும் பழுப்புத் தும்பியின் தலையைப் பாருங்கள். இரு கண்களும் உச்சியில் நீண்ட கோடாக ஒட்டியிருக்கும். அது ஈஷ்னிடே, பெரும்பாலும் கைனகாந்தா சாதியாக இருக்கும். (அது கொட்டாது. கொடுக்கே கிடையாது. துடைப்பத்தைக் கீழே வையுங்கள்.)

மிச்சமிருக்கும் கூட்டம், அதாவது கொழும்பில் நீங்கள் காணும் தும்பிகளில் மிகப் பெரும்பாலானவை, லிபெலுலிடே. இந்தக் குடும்பத்தின் அடையாளம் செட்டையில்தான் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று போதும். நல்ல படமானால் அதுகூட வேண்டாம். செட்டையின் அடிப்பக்கத்தில் நரம்புகள் கூடி ஒரு முக்கோணத்தை அமைக்கும். ஈஷ்னிடேயிலும் கோம்ஃபிடேயிலும் முன்செட்டை முக்கோணமும் பின்செட்டை முக்கோணமும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கும். லிபெலுலிடேயில் பின்செட்டை முக்கோணம் செட்டையின் நீளவாட்டில் படுத்திருக்கும். முன்செட்டை முக்கோணம் குறுக்குவாட்டில் நிமிர்ந்து நிற்கும். அடுத்து, பின்செட்டையின் அகன்ற அடிப்பகுதியில் நரம்புகள் வளைந்து ஒரு கண்ணியை வரைந்திருக்கும். லிபெலுலிடேயில் அந்தக் கண்ணி குதிகாலும் பெருவிரலும் வைத்த சப்பாத்து வடிவில் இருக்கும், நடுவே ஒரு நரம்பு ஓடும். ஒருமுறை அந்தச் சப்பாத்தைப் பார்த்துவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்கவே முடியாது.

இனி என் தலைவலிக்கு வருகிறேன். நிறம்.

நிறத்தைக் கொண்டு தும்பியின் சாதியைச் சொல்வது, வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளைகள் எல்லோரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்வதற்குச் சமம். தியவன்னா ஓயாவின் கரையில் ஒரு காலை முழுக்க நடந்தால் குறைந்தது நான்கு "சிவப்புத் தும்பிகளை" காணலாம். குரோக்கோதெமிஸ் செர்விலியா, ரோடோதெமிஸ் ரூஃபா, யூரோதெமிஸ் சிக்னேட்டா, ஊதா கலந்த சிவப்பு வயிறுள்ள ஓர்த்தெட்ரம் புருயினோசம். நான்கு இனம் மட்டுமல்ல, நான்கு சாதி. நான்குக்கும் பொது குடும்பம் ஒன்றுதான்.

பிறகு எப்படிப் பிரிப்பது? முன்செட்டையின் முன்விளிம்பில், அடியிலிருந்து நடுவில் முடிச்சுப்போலத் தெரியும் கணு வரை, குறுக்கு நரம்புகள் ஏணிப்படி வரிசையாக நிற்கும். அவற்றை எண்ணுங்கள். யூரோதெமிஸில் ஆறு, ஏழு என்று கைவிரலுக்குள் முடிந்துவிடும். மற்றவற்றில் அதைவிடக் கூடுதல். பிறகு கணுவுக்குப் பக்கத்திலுள்ள கடைசி நரம்பைப் பாருங்கள். ஓர்த்தெட்ரமில் அது முன்விளிம்பிலிருந்து புறப்பட்டு, நீளவாட்டு நரம்புகளுக்கு நடுவேயுள்ள இரண்டு இடைவெளிகளையும் கடந்து முழுமையாகப் போகும். குரோக்கோதெமிஸில் முதல் இடைவெளியோடு பாதியில் நின்றுவிடும். ஒரே ஒரு நரம்பு முழுதா, அரைகுறையா என்ற கேள்வி. சாதியைப் பிரிக்கும் வேலை இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கேள்விகளால் ஆனது. நிறம் அவற்றில் கடைசியாக வரும், சில வேளை வரவே வராது.

இதோடு முடியவில்லை. குரோக்கோதெமிஸ் செர்விலியாவின் பெண் மஞ்சள். தோலுரித்து வெளியே வந்த புதிதில் ஆணும் மஞ்சள்தான். முதிர முதிரத்தான் சிவக்கிறது. அதற்குப் புதிதாக எந்தச் சாயமும் உடலில் ஊறுவதில்லை. இருக்கிற அதே நிறமி ஒக்சியேற்ற நிலையிலிருந்து தாழ்த்திய நிலைக்கு மாறுகிறது, மஞ்சள் சிவப்பாகிறது. 2012 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே இனத்தையும் சேர்த்து ஆராய்ந்து, மஞ்சள் தும்பிக்குள் விற்றமின் சி யைச் செலுத்தி அது சிவப்பதைக் காட்டினார்கள். தோடம்பழத்தில் இருக்கிற பொருள் ஒரு துளி போதும், உங்கள் அட்டவணையின் இரண்டாம் வரி முதலாம் வரிக்கு ஏறிவிடும்.

அந்த "மஞ்சள் தும்பி" வரிக்குள் யார் யார் அடைபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் வரியில் ஏற்கெனவே எண்ணிய சிவப்புத் தும்பியின் மனைவியும் மகனும். கூடவே பன்டாலா ஃபிளாவெசென்ஸ். இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆப்பிரிக்கா வரை போகும் தும்பி அது. பின்செட்டையின் அடி மிக அகலமாக இருப்பதால் மணிக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். மழை ஓய்ந்த மாலைகளில் காலிமுகத்திடலுக்கு மேலே கூட்டமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாதியில் உலகம் முழுவதிலும் இரண்டே இனங்கள்தான் உண்டு. மற்றது அமெரிக்கக் கண்டங்களில் இருக்கிறது. அப்படியொரு பயணியையும் வாய்க்காலோரத்துப் பெண் தும்பியையும் ஒரே பெட்டிக்குள் போட்டு "1 இனம்" என்று கையொப்பம் வைக்கிறோம்.

நீலம் இன்னும் மோசம். ஓர்த்தெட்ரம் ஆண்களின் நீலம் மெழுகுத்தூள். முதிர்ந்த பிறகு உடல்மேல் படிவது. இணைசேரும்போது பெண்ணின் கால்பட்டு வயிற்றின் நடுவே தேய்ந்தும் போகும். டிப்ளக்கோடெஸ், பிராக்கிடிப்ளக்ஸ் ஆண்களும் அப்படியே நீலத்தூள் பூசிக்கொள்கின்றன. மூன்று சாதி, ஒரு பூச்சு. பெட்டியில் குத்திவைத்த பழைய மாதிரிகளிலோ நிறங்கள் பெரும்பாலும் மங்கிப் பழுப்பாகியிருக்கும். நரம்புகள் மட்டும் நூறு வருடம் போனாலும் அப்படியே நிற்கும். வகைப்படுத்தியவர்கள் நரம்பைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

"நீங்களே பெயர்களை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள், நாங்கள் எதைப் படிப்பது?" என்று ஒரு பொறியியலாளர் கேட்டார். நியாயமான கோபம்தான். பன்டாலாவை 1798 இல் ஃபெப்ரீசியஸ் விவரித்தபோது அது லிபெலுலா சாதியில் இருந்தது. 1861 இல் ஹேகன் பன்டாலா சாதியை அமைத்தார். அதனால்தான் இன்றும் இனப்பெயருக்குப் பின்னால் ஃபெப்ரீசியஸின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். அடைப்புக்குறி இருந்தால் இனம் சாதி மாறியிருக்கிறது என்று பொருள். தயவுசெய்து அதை அழகுக்காகப் போடாதீர்கள், அழகுக்காக எடுக்கவும் வேண்டாம். நரம்பும் சில வேளை ஏமாற்றும். நரம்புகள் குறைந்த ஊசித்தும்பிகளை எல்லாம் புரொட்டோநியூரிடே என்று ஒரே குடும்பமாக வெகுகாலம் வைத்திருந்தோம். 2014 இல் மரபணுக்களை ஒப்பிட்டு ஊசித்தும்பிக் குடும்பங்களைத் திருத்தி அமைத்தபோது, எங்கள் எலட்டோநியூரா, புரொடாசினியூரா சாதிகள் பிளாட்டிக்னெமிடிடே குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்கக் கண்டத்து உறவினர்கள் என்று நினைத்தவை சீனாக்ரியோனிடேக்குப் போயின. 2016 இல் இலங்கையின் டிரெபனோஸ்டிக்டா இனங்கள் சிலோனோஸ்டிக்டாவுக்கு மாறின. மாறுகிறது என்பதற்காக வாய்க்கு வந்ததை எழுதலாம் என்று ஆகாது. எந்த ஆண்டுப் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

இதெல்லாம் எங்களுக்குள் நடக்கும் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 இல் கொழும்புக்கு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஈரநிலங்களில் எதை மூடலாம், எதை விடலாம் என்று முடிவெடுப்பவர்கள் மேசையில் வைத்துப் பார்ப்பது இந்த அட்டவணைகளைத்தான். நீரில் வாழும் சிற்றுயிர்களைக் கொண்டு நீரின் தரத்தை அளக்கும் முறைகள் பலவும் குடும்ப மட்டத்திலேயே புள்ளி வழங்குகின்றன. குடும்பம் பிழையானால் புள்ளியும் பிழையாகும். பிராக்கிதெமிஸ் கொன்டமினேட்டா சாக்கடை ஓரத்திலும் சௌக்கியமாக வாழும். செம்மஞ்சள் நிறம் என்பதால் அதுவும் "சிவப்பு" வரிக்குள் போய்விடுகிறது. நாறும் வாய்க்காலும் நல்ல குளமும் காகிதத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இன்னொரு பக்கம், இல்லாத சிலோனோஸ்டிக்டாவை எழுதிவைத்தால் நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்து முழு அறிக்கையையும் கிழித்துப் போடுவார். உண்மையாகவே காப்பாற்ற வேண்டியதும் அதோடு போகும்.

ஆகவே, களத்துக்குப் போகிறவர்களுக்கு: மேலிருந்து ஒரு படம், செட்டைகள் தட்டையாக, நரம்பு தெரியும்படி. பக்கவாட்டில் ஒன்று. வால்நுனியில் ஒன்று, ஊசித்தும்பிகளில் இனத்தைப் பிரிப்பது பெரும்பாலும் ஆணின் வால்நுனிப் பற்றுறுப்புகளும் கழுத்துப் பட்டையின் வடிவமும்தான். படத்தை வெட்டாதீர்கள், நிறத்தைக் கூட்டாதீர்கள். இடமும் திகதியும் இல்லாத படத்தை எனக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். செயலி சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் வைத்துக்கொண்டு, அந்தச் சாதி இலங்கையில் இருக்கிறதா, இந்த உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணையும் பெண்ணையும் தனித்தனி இனமாக எண்ணாதீர்கள். தெரியாவிட்டால் "லிபெலுலிடே, சாதி தெரியவில்லை" என்று எழுதுங்கள். அது வெட்கமில்லை. ஊகித்து எழுதுவதுதான் வெட்கம்.

அறிக்கை எழுதச் சொல்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தும்பிகளுக்கு ஒரே ஒரு பகல் ஒதுக்கி, அதுவும் மழை நாளில், ஆளை அனுப்பாதீர்கள். வெயில் இல்லாவிட்டால் பெரும்பாலானவை எழும்பாது. பெரும்பாலும் மாலை மங்கும்போதே பறக்கும் தோலிமிஸ் போன்றவற்றை நண்பகலில் தேடிப் பயனில்லை.

பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி. பிறகு, நான்கு செட்டைகளையும் முதுகுக்கு மேலே ஒன்றாகச் சேர்த்து விரல்நுனியால் பிடியுங்கள், வாலைப் பிடிக்காதீர்கள். தோலுரித்துச் சற்று நேரமே ஆன, செட்டை பளபளக்கும் மெல்லுடல் தும்பியைத் தொடவே வேண்டாம். அதன் பக்கத்துப் புல்தண்டில் ஒட்டியிருக்கும் வெற்றுத்தோல் உங்களுக்குப் போதும். அந்தத் தோலில் முகத்தை மூடும் கீழுதடு அகப்பைபோலக் குழிந்திருந்தால் லிபெலுலிடே பக்கம், தட்டையாக இருந்து உணர்கொம்பு நான்கே கணுவுடன் தடித்திருந்தால் கோம்ஃபிடே. வெற்றுத்தோல் நொறுங்கக்கூடியது. தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவாருங்கள், திகதியைப் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் அழிந்துவிடும்.