கற்பழிப்பு: யாரைக் குறிக்கும் சொல்?

வேலூர் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடை. வாசலில் மாலைப் பத்திரிகையின் சுவரொட்டி தொங்குகிறது: ‘இளம்பெண் கற்பழிப்பு! அரசியல் பிரமுகர் மீது புகார்’. தேநீர் ஆறுவதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார், “அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?” பிரமுகரைப் பற்றிய பேச்சு அவர் எந்தக் கட்சி என்பதோடு முடிந்தது. அந்தக் கேள்வியைச் சுவரொட்டியில் இருந்த சொல்தான் எழுப்பிவிட்டது என்பேன்.

கற்பு, அழிப்பு எனப் பிரித்துப் பாருங்கள். பெண்ணிடம் ஏதோ அழிந்துபோனது என்கிறது சொல். நடந்த வன்முறையைப் பற்றி ஒன்றும் இல்லை. அழிந்தது முன்பு அவளிடம் இருந்ததா என்று ஊர் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது. நீதிமன்றமும் அப்படி விசாரித்ததுண்டு. புகார் கொடுத்த பெண் ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க, இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவு இடம் தந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது.

‘கற்பு’ பழைய சொல். தொல்காப்பியத்தில் அது களவு எனும் மறைவான காதலுக்கு அடுத்த நிலை, கரணத்தோடு, அதாவது மணச் சடங்கோடு கூடிய மணவாழ்வு. திருக்குறளோ ‘கற்பென்னும் திண்மை’ என்கிறது (54). மன உறுதியைப் பிறர் எப்படி அழிக்க முடியும்?

எங்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ‘கெடுத்துவிட்டான்’ என்பார்கள். அதுவும் பெண்ணைக் கெட்டுப்போனவளாக்கும் சொல்தான். ஆனால் அந்த வினைமுற்றில் செய்தவன் இருக்கிறான். ‘கற்பழிக்கப்பட்டார்’ என்ற செய்தி நடையில் அவனும் காணாமல் போகிறான்.

சரியான சொல் ‘பாலியல் வன்கொடுமை’. இலங்கைத் தமிழர் ‘பாலியல் வல்லுறவு’ என்று எழுதுகிறார்கள். ‘வன்புணர்வு’ என்பதும் உண்டு. மூன்றிலும் வன்மை முன்னால் நிற்கிறது. புகாரில் சிக்கியவர் பெரிய மனிதர் என்றால் சில செய்திகள் எல்லாவற்றையும் ‘சீண்டல்’ ஆக்கிவிடுகின்றன. தம்பி தங்கையைச் சீண்டுவதற்குச் சொல்லும் சொல் அது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடுவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 72. பெயரை மறைத்துவிட்டு, ஊரையும் தெருவையும் தந்தையின் தொழிலையும் எழுதிவிடுகிறார்கள். குடியாத்தம் போன்ற ஊரில் அதற்கு மேல் யாருக்கு என்ன தெரிய வேண்டும்?

அந்தச் சுவரொட்டியை இப்படி எழுதியிருக்கலாம்: ‘பாலியல் வன்கொடுமை: அரசியல் பிரமுகர் மீது பெண் புகார்’. இடமும் ஏறக்குறைய அவ்வளவேதான் ஆகியிருக்கும்.