பெயர் துலக்கல்: ‘நேம் ரெசல்யூஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

‘நேம் ரெசல்யூஷன்’ என்பது, ஒரு கணினியின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைக் கண்டறிந்து தரும் வேலை. நமக்கு நினைவில் நிற்பது பெயர். கணினிகள் ஒன்றையொன்று தொடர்பு கொள்ள வேண்டுமானால் 192.168.1.20 போன்ற ஐபி முகவரி தேவை. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்ல இடையில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாடு தடுமாறினால் கேபிள், சுவிட்ச், கணினி எல்லாம் நன்றாக இருந்தும் அலுவலக வேலை நின்றுவிடும். சேலத்தில் மண்டி, நூல் கடை, ஆலை அலுவலகம் என்று எங்கிருந்து ‘நெட்வொர்க் போய்விட்டது’ என்று அழைத்தாலும் நான் முதலில் சோதிப்பது இதைத்தான்.

இதைத் தமிழில் ‘பெயர் தீர்மானம்’ என்றும் ‘பெயர் தெளிவுத்திறன்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பொருந்தாதவை. தீர்மானம் மாநகராட்சி மன்றத்தில் நிறைவேறுவது. தெளிவுத்திறன் திரைக்கும் கேமராவுக்கும் உரியது. ‘பெயர் தீர்மானம் தோல்வி’ என்ற பிழைச் செய்தியைப் படிக்கும் கணக்கர், யாரோ கணினிக்குப் பெயர் சூட்டப் பார்த்து முடியாமல் போனது என்றுதான் புரிந்துகொள்வார். உதவ வேண்டிய செய்தி அவரை வேறு திசையில் அனுப்பிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தால் குழப்பம் எங்கே தொடங்கியது என்று தெரியும். இலத்தீனில் ‘சொல்வரே’ என்றால் தளர்த்துதல், அவிழ்த்தல். முன்னொட்டு சேர்ந்த ‘ரெசொல்வரே’யிலிருந்து வந்தது ‘ரெசல்யூஷன்’. கட்டை அவிழ்ப்பது என்ற பொருள் பல கிளைகளாகப் பிரிந்தது. கூறுகளாகப் பிரித்துக் காட்டுவது ஒரு கிளை. நுண்ணோக்கியின் பிரிதிறன் அதில் வருகிறது. ஐயம் நீங்கி முடிவெடுப்பது இன்னொரு கிளை. மன்றத் தீர்மானம் அங்கே சேரும். புதிருக்கு விடை காண்பது மூன்றாவது. கணினிப் பெயர் இந்த மூன்றாவது கிளையைச் சேர்ந்தது.

தமிழும் இதே தடத்தில் நடந்திருக்கிறது என்பதைக் கவனித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ‘விடு’ என்ற வினையிலிருந்து பிறந்ததுதான் ‘விடை’. விடுகதையை விடுவித்தால் விடை கிடைக்கும். அப்படியானால் ‘பெயர் விடுவிப்பு’ என்று சொல்லலாமே என்றால், அதில் ஓர் இடைஞ்சல் உண்டு. வாங்கிய ஐபி முகவரியைத் திருப்பிக் கொடுக்கும் ‘ரிலீஸ்’ கட்டளைக்கு ‘விடுவிப்பு’தான் சரியான சொல். ‘பெயர்ப்பு’ என்று முயன்றாலும் சிக்கல்தான். ரவுட்டர் உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் வேலைக்கு ‘முகவரி பெயர்ப்பு’ என்ற சொல் தேவைப்படும்.

நான் பரிந்துரைப்பது ‘துலக்கல்’. துலங்குவது என்றால் விளங்குவது, ஒளிர்வது. பாத்திரம் துலக்குகிறோம், காவல் துறையினர் துப்புத் துலக்குகிறார்கள். கையில் இருக்கும் சிறு குறிப்பை வைத்துக்கொண்டு ஆள் இருக்கும் இடத்தைக் கண்டறிவது துப்புத் துலக்கல் என்றால், பெயரை வைத்துக்கொண்டு முகவரியைக் கண்டறிவது பெயர் துலக்கல். இந்தச் சொல் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும்: கேட்டு வாங்கித் தரும் மென்பொருள் ‘துலக்கி’, முடியாதபோது ‘பெயர் துலங்கவில்லை’, எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்டால் ‘எதிர்த்துலக்கல்’. ஒரு கலைச்சொல் வினையாகவும் பெயராகவும் எதிர்மறையாகவும் நின்றால்தான் வேலை செய்யும் இடத்தில் நிலைக்கும்.

தொடக்கத்தில் துலக்குவதற்கு ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான தகவல் மையம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அந்தக் கோப்பைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் ஒரே கோப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1983 நவம்பரில் பால் மொக்காபெட்ரிஸ் ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 882, 883 என்ற இரு ஆவணங்களில் டிஎன்எஸ் (டொமைன் நேம் சிஸ்டம்) முறையை முன்வைத்தார். பட்டியலைத் துண்டுகளாக்கி, அந்தந்தக் களத்தின் (டொமைன்) பெயர்களுக்கு அந்தந்தக் களத்தாரே பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்ததுதான் அதன் சாரம். 1987இல் 1034, 1035 என்ற ஆவணங்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன. இன்றும் அடித்தளம் அவைதான். டிஎன்எஸ் முறையைத் தமிழில் ‘களப்பெயர் முறைமை’ என்கிறோம், நல்ல சொல்.

பழைய பட்டியல் முற்றிலும் மறையவில்லை. ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிறு கோப்பாக ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் இன்னும் இருக்கிறது. ஒரு பெயருக்கு அதில் வரி இருந்தால், அந்தப் பெயருக்கு டிஎன்எஸ் சொல்வதை விண்டோஸ் கேட்காது. ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலை அலுவலகத்தில் கணக்குக் கணினியில் இருந்த கோப்புறை நான்கு கணினிகளுக்குத் திறந்தது, ஐந்தாவதற்குத் திறக்கவில்லை. அந்த ஐந்தாவது கணினியில் கணக்குக் கணினியின் பெயரைக் கொடுத்து ‘பிங்’ செய்தேன். மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று சோதிக்கும் கட்டளை அது. முதல் வரியில் எண் வந்தது, பதில் மட்டும் வரவில்லை. வந்த எண் கணக்குக் கணினியின் எண் அல்ல. ‘என்எஸ்லுக்அப்’ என்ற கட்டளையைக் கொடுத்துக் கேட்டால் சரியான எண் வந்தது. ஒரே பெயருக்கு இரண்டு விடை! ‘என்எஸ்லுக்அப்’ நேராக டிஎன்எஸ் வழங்கியிடம் (சர்வர்) போய்க் கேட்கும், ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொடாது. ‘பிங்’ கணினியின் சொந்தத் துலக்கி வழியே போகும். ஆகவே தவறு அந்தக் கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும். கோப்பைத் திறந்தால், எப்போதோ யாரோ எழுதி வைத்த ஒரு வரி, பழைய கணக்குக் கணினியின் எண்ணோடு அப்படியே இருந்தது. வரியை நீக்கியதும் கோப்புறை திறந்தது.

‘பிங்’ செய்யும்போது பலரும் பதில் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். முதல் வரியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே எண் வந்துவிட்டால் பெயர் துலங்கிவிட்டது என்று பொருள். நான்கு முறையும் பதில் வராமல் போனாலும் அதற்குத் தீச்சுவர் (ஃபயர்வால்) காரணமாக இருக்கலாம். எண் சரியானதா என்பது அடுத்த கேள்வி. எண்ணே வரவில்லை என்றாலோ தவறான எண் வந்தாலோதான் துலக்கத்தில் கோளாறு. பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கொடுத்தும் கோப்புறை திறக்கவில்லை என்றால் சிக்கல் பெயரில் இல்லை. கேபிளையும் தீச்சுவரையும் பாருங்கள். கணினியின் சொந்த முகவரியே 169.254 என்று தொடங்கினால் அதற்கு முகவரி வழங்க யாரும் கிடைக்கவில்லை, பெயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடிக்கடி நான் பார்க்கும் இன்னொன்று, இரண்டாவது டிஎன்எஸ் எண். அலுவலகத்துக்குள் சொந்த டிஎன்எஸ் வழங்கி இருக்கும். ‘பாதுகாப்புக்கு இருக்கட்டும்’ என்று இரண்டாவது கட்டத்தில் இணையப் பொதுவழங்கி ஒன்றின் எண்ணைப் போட்டுவிடுவார்கள். உள்வழங்கி பதில் தரச் சற்றுத் தாமதித்தால் கணினி வெளிவழங்கியிடம் கேட்கும். அலுவலகத்தின் உட்பெயர் அதற்கு எப்படித் தெரியும்? ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிடும். அந்தப் பதிலோடு தேடல் முடிந்துவிடும். உள்வழங்கியிடம் திரும்பிப் போய்க் கேட்காது. காலையில் நன்றாக இருந்தது, மதியம் போய்விட்டது, மாலையில் தானாகவே வந்துவிட்டது என்ற புகாருக்குப் பல இடங்களில் இதுதான் காரணம். உட்பெயர்கள் உள்ள அலுவலகத்தில் இரண்டு கட்டத்திலும் உள்வழங்கிகள்தான் இருக்க வேண்டும்.

சரிசெய்த பிறகும் ஒரு கணினி மட்டும் பிடிவாதமாக ‘இல்லை’ என்று சொல்லும். கிடைத்த விடையைப் போலவே கிடைக்காத விடையையும் சிறிது நேரம் சேமித்து வைப்பது அதன் வழக்கம். இந்தச் சேமிப்பிடத்துக்கு ஆங்கிலத்தில் ‘கேஷ்’. மறைத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. தமிழில் வழங்கும் ‘பதுக்கு நினைவகம்’ என்ற சொல் வேரையும் விடாமல் பிடித்திருக்கிறது. ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையோடு ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’ சேர்த்துக் கொடுத்தால் பதுக்கியது நீங்கிவிடும்.

டிஎன்எஸ் வழங்கியே இல்லாத சிறு அலுவலகங்களில் பெயர் எப்படித் துலங்குகிறது? தெருவில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல, ‘இந்தப் பெயருடையவர் யார்?’ என்று கணினி எல்லோரையும் பார்த்துக் கேட்கும். உரியது பதில் சொல்லும். 1983இல் ஐபிஎம் கணினி வலையமைப்புக்காக உருவான நெட்பயாஸ் இந்த வகை. கணினியின் பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் அங்கிருந்து வந்ததுதான்: 16 பைட்டில் கடைசி ஒன்று சேவையின் வகையைக் குறிக்கப் போய்விடுகிறது. இதே வேலைக்குப் பின்னால் வந்த எல்எல்எம்என்ஆர் என்ற நெறிமுறையும் அந்தந்த வலையமைப்புக்குள் மட்டுமே கேட்கும் குரல்.

இந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம், சேலத்தில் தலைமை அலுவலகம் என்று வைத்திருப்பவர்கள் இரண்டையும் விபிஎன் (இணையத்தின் வழியே அமைக்கும் தனி இணைப்பு) மூலம் இணைத்ததும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுவே. தோட்டத்துக் கணினியிலிருந்து சேலத்துக் கணினியின் எண்ணைக் கொடுத்தால் கோப்புறை திறக்கும்; பெயரைக் கொடுத்தால் திறக்காது. விபிஎன் பழுது என்று எண்ணி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப்போய்க் கருவியை மாற்றுகிறார்கள். கருவியில் குறையே இல்லை. சேலத்தில் ஒரு டிஎன்எஸ் வழங்கியை வைத்து, அதில் பெயர்களைப் பதிந்து, தோட்டத்துக் கணினிகளும் அதனிடமே கேட்கும்படி அமைத்து, களப்பெயரோடு சேர்த்து முழுப் பெயரைக் கொடுத்தால் போதும். இரண்டே கணினிகள் என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதுவதும் தவறில்லை, ஆனால் எழுதியதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

கணினிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். அலுவலக வலையமைப்பில் இப்போதைக்கு ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய நெறிமுறைகள் வேறு எழுத்துகளைச் சரியாகக் கையாள்வதில்லை. இணையத்தில் நிலைமை வேறு. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று மூன்று நாடுகளுக்குத் தமிழ் எழுத்தில் உயர்நிலைக் களப்பெயர்கள் உண்டு. நாம் தமிழில் தட்டச்சு செய்ததை உலாவி முதலில் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் உரோம எழுத்துத் தொடராக மாற்றிக்கொள்கிறது. 2003இல் வந்த பியூனிகோடு என்ற குறியாக்க முறை அது. அதன் பிறகுதான் துலக்கியிடம் கேள்வி போகிறது. முதலாவது எழுத்து மாற்றம், இரண்டாவதுதான் பெயர் துலக்கல். தமிழ்க் களப்பெயர் திறக்கவில்லை என்றால் இந்த இரண்டில் எது நின்றது என்று பிரித்துப் பார்க்க, உரோமத் தொடரை நேராகக் கொடுத்து ‘என்எஸ்லுக்அப்’ செய்தால் தெரிந்துவிடும்.